உறையில் அச்சிட்ட எண்ணும் நூற்பட்டியலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் நூலகத்துக்கு இசை வட்டுகளும் திரைப்பட வட்டுகளும் நிறைய வருகின்றன. ஒவ்வொன்றின் உறையிலும் தயாரிப்பாளர் அச்சிட்ட பார்கோடு ஏற்கெனவே இருக்கும்போது, நாங்களும் ஒன்றை அச்சடித்து ஒட்டுவது இரட்டை வேலையாகத் தோன்றுகிறது. உறையில் உள்ள எண்ணையே நூலகத்தின் எண்ணாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் கோடுகளாகத் தெரிவதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன; ஆனால் அவை வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்பவை. தயாரிப்பாளரின் எண், ‘இது எந்தச் சரக்கு’ என்று சொல்கிறது. ஆயிரம் படிகள் வெளிவந்தால் ஆயிரத்துக்கும் அதே எண்தான். நூலகம் ஒட்டும் எண், ‘இது எந்தப் படி’ என்று சொல்கிறது. அலமாரியில் இருக்கும் ஒரே ஒரு வட்டுக்கு மட்டும் உரியது. இன்றைக்கு உங்களிடம் ஒரு படிதான் இருக்கிறது என்பதால் சிக்கல் தெரியாது. அதே வட்டின் இரண்டாவது படி நன்கொடையாக வந்து சேரும் நாளில், எந்தப் படி யாரிடம் இரவலாகப் போயிருக்கிறது என்பதை மென்பொருளால் பிரித்தறிய முடியாது. கோஹா போன்ற நூலக மென்பொருள்கள் படியின் பார்கோடு இரண்டு இடங்களில் வருவதை ஏற்பதே இல்லை. அங்கே அந்த எண் 952ஆம் புலத்தில் (புலம் என்பது பதிவில் ஒவ்வொரு வகை விவரத்துக்கும் ஒதுக்கிய, எண்ணிட்ட இடம்), படிக்குரிய விவரங்களோடு தனியாக உட்காருகிறது. தயாரிப்பாளரின் எண்ணோ நூற்பட்டியல் பதிவில், அதாவது எல்லாப் படிகளுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும்.

உருவத்திலேயே வேறுபாட்டைக் காட்டும் ஏற்பாட்டையும் பல நூலகங்கள் வைத்திருக்கின்றன. நூலகப் பார்கோடுகளில் நெடுநாளாக வழங்கிவரும் 14 இலக்க முறையில், முதல் இலக்கம் 2 என்றால் உறுப்பினர் அட்டை, 3 என்றால் நூல் அல்லது வட்டு. அடுத்த நான்கு இலக்கங்கள் நூலகத்தைக் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. கடைச் சரக்கின் எண்ணோ பெரும்பாலும் 12 அல்லது 13 இலக்கம். இரவல் மேசையில் இருப்பவர் தவறான கோட்டை ஸ்கேன் செய்துவிட்டால், நீளத்தை வைத்தே மென்பொருள் அதை மறுத்துவிட முடியும்.

அந்தத் தவறு அடிக்கடி நடப்பதுதான். ஆகையால் உங்கள் ஸ்டிக்கரை உறையின் முன்பக்கம் ஒட்டுங்கள். பின்பக்கம் அச்சிட்ட கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். சில நூலகங்களில் அச்சிட்ட கோட்டின் குறுக்கே கறுப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் எண்ணைப் பதிவில் ஏற்றிய பிறகு இழுக்கட்டும், முன்னால் வேண்டாம்.

கேள்வி: பார்கோட்டில் வருவது எதுவானாலும், நூல்களுக்குரிய அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எழுதும் 020ஆம் புலத்தில் ஏற்றிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். ‘தேடினால் கிடைக்கிறது, அது போதும்’ என்கிறார் என் மூத்தவர். இது சரியா?

பதில்: உங்கள் நூலகத்துக்குள் மட்டும் தேடும்வரை அவர் சொல்வது நடைமுறையில் உண்மைதான். பதிவு வெளியே போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. 020ஆம் புலத்தில் இருப்பது ஐஎஸ்பிஎன் என்று நம்பித்தான் மற்ற நூலகங்களும், பல நூலகங்களின் பதிவுகள் சேர்ந்த ஒன்றியப் பட்டியல்களும் பதிவுகளை ஒப்பிடுகின்றன. ஒரு திரைப்பட வட்டின் 12 இலக்க எண் அங்கே இருந்தால், ஐஎஸ்பிஎன் சரிபார்ப்பில் அது தோற்கும், அல்லது இலக்கங்களை வெட்டி வேறொரு நூலோடு பொருத்திவிடும்.

நூற்பட்டியல் பதிவுகளைக் கணினியில் எழுதும் மார்க் 21 முறையில் இதற்கென்றே 024ஆம் புலம் இருக்கிறது. புலத்தின் தொடக்கத்தில் சுட்டி எனப்படும் ஓரிலக்கக் குறிகள் இரண்டு உண்டு. முதல் சுட்டி, எண் எந்த வகை என்பதைச் சொல்கிறது. 0 என்றால் ஒலிப்பதிவுக்குரிய ஐஎஸ்ஆர்சி; 1 என்றால் யுபிசி எனப்படும் 12 இலக்கச் சரக்கு எண்; 2 என்றால் இசைத்தாள்களுக்குரிய ஐஎஸ்எம்என்; 3 என்றால் ஈஏஎன் எனப்படும் 13 இலக்க எண். வேறு வகை எண்ணாக இருந்து அதன் பெயரைத் தனித் துணைப்புலத்தில், அதாவது புலத்துக்குள் எழுத்தாலோ எண்ணாலோ குறிக்கும் உட்பிரிவில், தருவதாக இருந்தால் 7. வகையே தெரியாவிட்டால் 8. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல ஓர் இடம் வைத்திருப்பது இந்தப் புலத்தில் எனக்குப் பிடித்த அம்சம்.

இரண்டாவது சுட்டியைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதனால் பெரிய கேடு இல்லை. ஸ்கேனர் படித்த எண்ணும் கண்ணுக்குத் தெரியும்படி கீழே அச்சிட்ட எண்ணும் ஒன்றேயானால் 0, வேறுபட்டால் 1 என்று அங்கே குறிக்கலாம். வேறுபடுமா என்று கேட்பீர்கள். அச்சகப் பிழையால் வேறுபட்ட உறைகள் உண்டு. அப்போது இரண்டு எண்களையும் தனித்தனி 024ஆம் புலங்களில் ஏற்றிவிடுங்கள். தேடி வருபவர் எந்த எண்ணோடு வருவார் என்பது நமக்குத் தெரியாது.

துணைப்புலங்களைப் பற்றிச் சுருக்கமாக: எண் ‘ஏ’யில், தவறான அல்லது கைவிடப்பட்ட எண் ‘இசட்’டில், முதன்மைக் கோட்டின் வலப்பக்கம் சிறிதாக நிற்கும் 2 அல்லது 5 இலக்கக் கூடுதல் குறி ‘டி’யில், ‘பெட்டித் தொகுப்பு’, ‘முதல் வட்டு’ போன்ற விளக்கம் ‘க்யூ’வில். தயாரிப்பாளர் தம் வரிசைக்காக உறையின் முதுகில் அச்சிடும் எழுத்தும் எண்ணும் கலந்த பட்டியல் எண் இங்கே வராது. அது 028ஆம் புலத்துக்குரியது.

நூல்களுக்கு இந்த வேலையே பெரும்பாலும் தேவைப்படாது. 2007 சனவரி 1 முதல் ஐஎஸ்பிஎன் 13 இலக்கமாகிவிட்டது. நூலின் பின்னட்டைப் பார்கோட்டில் இருப்பதும் அதே எண்தான். அதை 020இல் ஏற்றினால் போதும். 024இல் மீண்டும் எழுதுவது தவறல்ல, வீண்.

கேள்வி: 024ஆம் புலத்தில் எண்ணை ஒழுங்காகத்தான் ஏற்றியிருக்கிறேன். பதிவைத் திறந்தால் எண் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் வட்டைக் கையில் எடுத்துத் தேடல் பெட்டியில் ஸ்கேன் செய்தால் ‘முடிவு இல்லை’ என்று வருகிறது. சில வட்டுகள் மட்டும் கிடைக்கின்றன. ஏன் இப்படி?

பதில்: ‘சில மட்டும் கிடைக்கின்றன’ என்ற குறிப்பு நல்ல தடயம். எதுவுமே கிடைக்காவிட்டால், 024ஆம் புலம் தேடல் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை என்று உடனே சொல்லியிருப்பேன். பதிவில் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் தேடலில் அகப்படும் என்று எண்ணிவிடுகிறோம். மென்பொருள் எந்தப் புலத்தை அட்டவணைப்படுத்துமாறு அமைக்கப்பட்டிருக்கிறதோ அதை மட்டுமே தேடும். உங்கள் நூலகத்தில் அந்த வேலை முடிந்திருக்கிறது. ஆகவே கோளாறு இலக்கங்களில் இருக்க வேண்டும், முதல் சந்தேகம் தொடக்கத்தில் நிற்கும் சுழியத்தின்மேல்.

யுபிசி 12 இலக்கம், ஈஏஎன் 13 இலக்கம் என்று மேலே சொன்னேன். உண்மையில் அவை இரண்டு வேறு உலகங்கள் அல்ல. 12 இலக்க எண்ணின் முன் ஒரு சுழியத்தை வைத்தால் அது முறையான 13 இலக்க எண்ணாகிவிடும். 012345678905 என்ற எண்ணும் 0012345678905 என்ற எண்ணும் ஒரே சரக்கையே குறிக்கும். ஸ்கேனர் அமைக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, 12 இலக்கக் கோட்டைப் படித்துவிட்டு அது 12 இலக்கமாகவே அனுப்பலாம், முன்னால் சுழியம் சேர்த்து 13 ஆக அனுப்பலாம், முதல் இலக்கத்தையோ கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தையோ விட்டுவிட்டும் அனுப்பலாம். பதிவேற்றியவர் எண்ணைப் பார்த்துக் கையால் தட்டியிருந்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் அந்த இரண்டும் சந்திக்கவே போவதில்லை. ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து அதில் ஒரு வட்டை ஸ்கேன் செய்து பாருங்கள். ஸ்கேனர் என்பது விசைப்பலகைபோல எழுத்துகளை அனுப்பும் கருவிதான். அது உண்மையில் என்ன அனுப்புகிறது என்பது அந்தக் கோப்பில் அப்படியே விழும். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்த சந்தேகம் பதிவேற்றியவரின் கண்மேல். 12 இலக்கப் பார்கோட்டை உற்றுப் பாருங்கள்: கோடுகளுக்குக் கீழே ஐந்து ஐந்தாக இரண்டு தொகுதிகள் இருக்கும், முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் கோடுகளுக்கு வெளியே, பெரும்பாலும் சிறிய அளவில், ஒட்டாமல் நிற்கும். அவற்றை எண்ணின் பகுதியாக நினைக்காமல் நடுவிலுள்ள பத்தை மட்டும் எழுதியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இரவல் பெற்ற பழைய பதிவுகளில் 10 இலக்க யுபிசி எண்களை இன்றும் காணலாம். ஸ்கேன் செய்த எண்ணின் முதலையும் கடைசியையும் நீக்கிவிட்டு நடுப்பத்தைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அந்தப் பதிவை அப்போதே திருத்திவிடுங்கள்.

மூன்றாவது சந்தேகம் விரிதாளின்மேல், அதுவும் சற்றே கோபத்தோடு. எண்களை விரிதாளில் சேகரித்து மொத்தமாக ஏற்றும் வழக்கம் உங்களிடம் இருந்தால், விரிதாள் அவற்றைத் ‘தொகை’ என்று எண்ணிக்கொண்டு முன்சுழியத்தை விழுங்கிவிடும். நீண்ட எண்ணைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும்; அந்தத் தோற்றத்திலேயே உரைக்கோப்பாகச் சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் மீளாமல் போய்விடும். எண்ணைத் தட்டும் முன்பே அந்தப் பத்தி முழுவதையும் ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பார்கோடு எண் கூட்டிக் கழிக்கும் தொகை அல்ல, இலக்கங்களால் எழுதிய பெயர், தொலைபேசி எண்ணைப்போல.

நிலையான தீர்வு மென்பொருளை அமைப்பவரின் கையில் இருக்கிறது. இந்த எண்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் முறையில் 8, 12, 13, 14 இலக்க எண்கள் அனைத்தும் ஒரே குடும்பம். குறைவான இலக்கங்கள் உள்ளவற்றின் இடப்பக்கம் சுழியங்களை நிரப்பி 14 இலக்கமாக்கினால் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் ஒப்பிடலாம். பதிவில் உள்ளதை அச்சிட்டபடியே விட்டுவிட்டு, தேடல் அட்டவணைக்குப் போகும் எண்ணையும் தேடுபவர் தரும் எண்ணையும் இரண்டு பக்கத்திலும் இடைக்கோடு, இடைவெளி நீக்கி, 14 இலக்கமாக நிரப்பி ஒப்பிடச் சொல்லுங்கள். பதிவைத் தேடலுக்காக வளைப்பதைவிடத் தேடலைப் பதிவுக்காக வளைப்பதே முறை.

தட்டச்சுப் பிழையைப் பிடிக்கச் சரிபார்ப்பு இலக்கம் உதவும். 012345678905 என்பதில் கடைசி 5ஐ மறைத்துவிட்டு, ஒற்றைப்படை இடங்களில் உள்ள 0, 2, 4, 6, 8, 0 ஆகியவற்றைக் கூட்டினால் 20. அதை மூன்றால் பெருக்கினால் 60. இரட்டைப்படை இடங்களில் உள்ள 1, 3, 5, 7, 9 சேர்ந்து 25. மொத்தம் 85, அடுத்த பத்தின் மடங்கான 90ஐ எட்ட 5 வேண்டும், அதுவே கடைசி இலக்கம். ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் அவற்றின் வேறுபாடு ஐந்தாக இருந்தால், அதாவது 16ஐ 61 என்று தட்டிவிட்டால், கணக்கு சரியாகவே வரும், பிழை ஒளிந்துகொள்ளும். கையால் தட்டுவதைவிட ஸ்கேன் செய்வது மேல் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஒரு பழைய ஆங்கில மலிவுப்பதிப்பு நாவலின் பின்னட்டையை ஸ்கேன் செய்தேன். அதே எண்ணுக்கு மூன்று வேறு நாவல்கள் வந்தன. பார்கோடு என்பது தனித்தன்மை உடையது இல்லையா?

பதில்: உங்கள் பட்டியலில் பிழை இல்லை. பார்கோடு பிறந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்: 1974 சூன் 26 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டிராய் நகர அங்காடி ஒன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலம்தான் முதன்முதலில் யுபிசி முறையில் ஸ்கேன் செய்யப்பட்டது. கல்லாவில் விலையைக் கண்டுபிடிப்பதற்கான ஏற்பாடு அது. அங்காடிகளில் விற்ற அமெரிக்க மலிவுப்பதிப்புகளின் பின்னட்டையில் பதிப்பகத்தார் நெடுங்காலம் அச்சிட்ட 12 இலக்க எண் பதிப்பகத்தையும் விலையையும் மட்டுமே குறித்தது. ஒரே விலையுள்ள பல தலைப்புகளுக்கு அதே எண். எந்தத் தலைப்பு என்பதைப் பக்கத்தில் இருந்த 5 இலக்கக் கூடுதல் குறி சொன்னது. உங்கள் ஸ்கேனர் அந்தக் கூடுதல் குறியைப் படிக்காமல் விட்டிருக்கிறது. அட்டையின் உட்பக்கத்தைத் திறந்து பாருங்கள். 978இல் தொடங்கும் நூற்கோடு பலவற்றில் அங்கே அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தேடினால் ஒரே நாவல் வரும்.

வட்டுகளிலும் இது வேறு வடிவில் நேர்கிறது. மறுவெளியீட்டுக்குப் பழைய எண்ணையே சில தயாரிப்பாளர்கள் தொடர்கிறார்கள். பெட்டித் தொகுப்புக்கு ஓர் எண்ணும் உள்ளிருக்கும் ஒவ்வொரு வட்டுக்கும் வேறு எண்ணும் இருக்கின்றன. ஆதலால் வெளியிலிருந்து பதிவுகளை இறக்கும்போது 024ஆம் புலம் பொருந்தினாலே பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடுமாறு மென்பொருளுக்குக் கட்டளையிடாதீர்கள். எண்ணோடு தலைப்பும் ஆண்டும் பொருந்தினால் மட்டும் தானாகச் சேரட்டும். மற்றவை ஒரு மனிதரின் பார்வைக்கு வரட்டும். எண் ஒரு பொருளைத் தேடிப்போகும் வாசல் என்றே நான் கொள்கிறேன். இரண்டு பதிவுகள் ஒன்றுதான் என்பதற்கு அதை மட்டும் சான்றாக ஏற்பதில்லை.

கேள்வி: பருவ இதழ்களின் அட்டைப் பார்கோட்டைப் பதிவில் ஏற்ற வேண்டுமா?

பதில்: அந்த எண் 977இல் தொடங்கினால் தேவையில்லை. பருவ இதழ்களுக்குரிய அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னின் முதல் ஏழு இலக்கங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன: 0317-8471 என்ற ஐஎஸ்எஸ்என், 977 0317847 00 1 என்று கோடாகிறது. 022ஆம் புலத்தில் ஐஎஸ்எஸ்என் இருந்தால், ஸ்கேன் செய்த எண்ணிலிருந்து அந்த ஏழு இலக்கங்களை எடுத்து, எட்டாவது சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிட்டுத் தேடுமாறு மென்பொருளை அமைக்கலாம். பக்கத்தில் வரும் 2 இலக்கக் கூடுதல் குறி இதழின் எண்ணைச் சொல்வது. அது பட்டியல் பதிவுக்கு அல்ல, இதழ் வரவுப் பதிவேட்டுக்கு உதவும்.

கேள்வி: 979இல் தொடங்கும் எண்ணை எங்கள் மென்பொருள் 10 இலக்க ஐஎஸ்பிஎன் ஆக மாற்றித் தேடுகிறது, வேறு நூல் வருகிறது. மேலும் ஓர் இசைத்தாளிலும் 979 இருந்தது. குழம்பிவிட்டேன்.

பதில்: 978இல் தொடங்கும் எண்ணுக்கு மட்டுமே 10 இலக்க வடிவம் உண்டு. 9780306406157 என்பதன் பழைய வடிவம் 0306406152. முன்னொட்டை நீக்கிச் சரிபார்ப்பு இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 979இல் தொடங்கும் ஐஎஸ்பிஎன்னுக்குப் பழைய வடிவமே கிடையாது. மாற்ற முயல்வது மென்பொருளின் பிழை, அமைப்பவரிடம் சொல்லித் திருத்துங்கள். 979க்கு அடுத்து சுழியம் வந்தால் அது நூலே அல்ல, இசைத்தாளுக்குரிய ஐஎஸ்எம்என். 2008க்கு முன் அது ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கியது. எழுத்துக்குப் பதில் 9790 என்று வைத்தால் இன்றைய எண் கிடைக்கும், சரிபார்ப்பு இலக்கம்கூட மாறாது. அதை 024ஆம் புலத்தில், முதல் சுட்டி 2 என்று ஏற்றுங்கள்.

கேள்வி: பிற நூலகங்களின் பட்டியல்களைத் தேட உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாகத் தேடும்போது, வட்டின் பார்கோடு எண்ணுக்கு எப்போதும் விடை வருவதில்லை.

பதில்: எந்தப் பெட்டியில் எண்ணை இடுகிறீர்கள் என்று பாருங்கள். ஐஎஸ்பிஎன் பெட்டி 7 என்ற தேடல் பண்பையும் (எதைத் தேடுகிறோம் என்று எதிர்முனைக்குச் சொல்லும் குறியெண்) ஐஎஸ்எஸ்என் பெட்டி 8 என்பதையும் அனுப்பும். வட்டின் எண்ணுக்கு அவை பொருந்தா. ‘பொது அடையாள எண்’ என்ற பொருளில் உள்ள 1007 என்ற பண்பை அனுப்பும் பெட்டி வேண்டும். அதை எதிர்முனை நூலகமும் ஏற்றால்தான் பயன். ஏற்காத இடத்தில் தலைப்பையும் தயாரிப்பாளரின் பட்டியல் எண்ணையும் கொண்டு தேடுங்கள்.

கேள்வி: நன்கொடையாக வந்த வட்டுகளில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரும் இருக்கிறது. அதன் எண் 2இல் தொடங்குகிறது. அதையும் ஏற்றவா?

பதில்: வேண்டாம். 13 இலக்க எண் 20 முதல் 29 வரையிலான முன்னொட்டில் தொடங்கினால், அது ஒரு கடையோ நிறுவனமோ தன் உள்பயன்பாட்டுக்கு உருவாக்கிக்கொண்டது. வேறொரு கடையில் அதே எண் வேறொரு சரக்கைக் குறிக்கலாம். ஸ்டிக்கரை மெல்ல உரித்தெடுங்கள், பெரும்பாலும் அடியில் தயாரிப்பாளரின் கோடு இருக்கும்.

கேள்வி: எங்களிடம் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வட்டுகளின் பதிவுகளில் இந்த எண்ணே இல்லை. எல்லாவற்றையும் மீண்டும் எடுத்து ஏற்ற வேண்டுமா?

பதில்: அலமாரியைக் காலி செய்துகொண்டு இதற்கென்று உட்கார வேண்டாம். வட்டு இரவலிலிருந்து திரும்பி வரும்போது உறை எப்படியும் ஒருவர் கையில் இருக்கும். 024ஆம் புலம் இல்லாத பதிவாக இருந்தால் திரையில் ஒரு குறிப்புத் தோன்றுமாறு செய்து, அந்த நிமிடத்திலேயே உறையை ஸ்கேன் செய்து சேர்த்துவிடலாம். யாரும் கேட்காத வட்டு தாமதமாகவே வரிசைக்கு வரும், அதில் இழப்பு ஒன்றுமில்லை. உறை கிழிந்துபோய் வெறும் வட்டாக நிற்பவற்றுக்கு மட்டும், வேறு நூலகத்தின் பதிவில் காணும் எண்ணைச் சரிபாராமல் அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். வட்டின் மேல்பரப்பில் அச்சிட்டுள்ள தயாரிப்பாளரின் பட்டியல் எண்ணை 028ஆம் புலத்தில் எழுதிவிட்டு 024ஐக் காலியாக விடுங்கள்.